சொந்த இடத்தில் இ.வி. சார்ஜிங் ஸ்டேஷன்: '80 சதவீத அரசு மானியம்' யாருக்கு, எப்படிக் கிடைக்கும்?

லீவு முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டல் வாசல். சார்ஜர் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, பின்னால் இன்னும் மூன்று கார்கள் நிற்கின்றன. உள்ளே இருப்பவர்கள் இரண்டாவது காபியும் குடித்து முடித்துவிட்டார்கள்.

அந்த வரிசையைப் பார்ப்பவர்களில் கார்க்காரர்கள் மட்டும் இல்லை. அதே சாலையில் பத்து சென்ட் இடம் வைத்திருக்கும் ஒருவரும் பார்க்கிறார். "நம்ம இடத்துல ஒண்ணு போட்டா என்ன?" என்று அவருக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வருகிறது: 'சார்ஜிங் ஸ்டேஷன் அமைக்க மத்திய அரசு 80% மானியம், உடனே விண்ணப்பிக்கவும்.'

மெசேஜ் பாதி உண்மை. 80 சதவீத மானியம் இருக்கிறது. ஆனால் எந்தச் செலவில் 80, யார் விண்ணப்பிக்கலாம், பணம் எப்போது வரும் என்பதெல்லாம் அந்த ஒற்றை வரியில் இல்லை. பத்து, இருபது லட்சம் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

மானியம் எந்தத் திட்டத்தில் வருகிறது?

திட்டத்தின் பெயர் பி.எம். இ-டிரைவ். மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அக்டோபர் 1, 2024 முதல் அமலில் இருக்கிறது. மொத்த ஒதுக்கீடு ரூ.10,900 கோடி. இதில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் ரூ.2,000 கோடி.

இலக்கும் பெரியது. கார்களுக்கு 22,100, பஸ்களுக்கு 1,800, இரு சக்கர மற்றும் மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400 ஃபாஸ்ட் சார்ஜர்கள் என்று திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்டது. கூட்டினால் 72,300.

திட்டம் தொடங்கியது 2024 அக்டோபரில் என்றாலும், சார்ஜிங் நிலையங்களுக்கான விரிவான வழிகாட்டு நெறிமுறைகளைக் கனரகத் தொழில்கள் அமைச்சகம் வெளியிட்டது 2025 செப்டம்பர் கடைசியில்தான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் யாருக்கு எவ்வளவு என்ற விவரம் இல்லாமலேயே போனது. முதலில் 2026 மார்ச் வரை என்றிருந்த திட்டம், பிறகு மார்ச் 31, 2028 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் இது நிதி வரம்பு உள்ள திட்டம். தேதி மிச்சம் இருந்தாலும் பணம் தீர்ந்தால் கதவு மூடிவிடும்.

80 சதவீதம் எதற்கு?

ஒரு சார்ஜிங் ஸ்டேஷனுக்கு ஆகும் செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மின்சாரத்தை அந்த இடம் வரை கொண்டுவரும் செலவு. டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ், சர்க்யூட் பிரேக்கர், அதற்கான சிவில் வேலை, வேலி எல்லாம் இதில் வரும். நெறிமுறைகள் இதை 'அப்ஸ்ட்ரீம்' கட்டமைப்பு என்கின்றன. இரண்டாவது, காரில் செருகும் 'கன்' உள்ள சார்ஜர் மெஷின்.

மானியம் இடத்தைப் பொறுத்து மாறும். மொத்தம் நான்கு வகை.

ஏ வகை: அரசு வளாகங்கள். அரசு அலுவலகம், அரசுக் குடியிருப்பு, மருத்துவமனை, கல்வி நிறுவனம் போன்றவை. மின் கட்டமைப்பு, சார்ஜர் இரண்டுக்கும் 100 சதவீதம். ஆனால் ஒரு நிபந்தனை: பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து சார்ஜ் போட அனுமதிக்க வேண்டும். அலுவலர்களுக்கு மட்டும் என்று கேட்டைப் பூட்டினால் மானியம் கிடையாது.

பி வகை: அரசு அல்லது பொதுத்துறையின் கையில் இருக்கும், மக்கள் வந்துபோகும் இடங்கள். ரயில் நிலையம், விமான நிலையம், பஸ் நிலையம், மெட்ரோ நிலையம், மாநகராட்சி பார்க்கிங், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க், டோல் பிளாசா போன்றவை. மின் கட்டமைப்புக்கு 80, சார்ஜருக்கு 70 சதவீதம்.

சி வகை: மால், மார்க்கெட், தெருவோரம், நெடுஞ்சாலை ஓரம் என மற்ற இடங்கள். மின் கட்டமைப்புக்கு 80 சதவீதம். சார்ஜர் மெஷினுக்கு மானியம் இல்லை.

டி வகை: பேட்டரி மாற்றிக்கொடுக்கும் நிலையங்கள். இதற்கும் மின் கட்டமைப்புக்கு மட்டும் 80 சதவீதம்.

வாட்ஸ்அப் மெசேஜில் வந்த 80 இதுதான். நெடுஞ்சாலை ஓரத் தனியார் இடம் சி வகையில் வரும். அங்கே சார்ஜர் மெஷினுக்கான முழுச் செலவும் போடுபவர் தலையில். இன்னொன்று: அரசு ஒவ்வொரு திறனுக்கும் ஓர் அடிப்படை விலை நிர்ணயித்திருக்கிறது. மானியம் அந்த வரம்புக்குள்தான். அதைத் தாண்டிச் செலவு செய்தால், தாண்டிய தொகைக்கு மானியம் கேட்க முடியாது. நிலத்தின் விலையும் வாடகையும் இந்தக் கணக்கிலேயே சேராது.

தனிநபர் நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா?

முடியாது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மானியம் கேட்கும் தகுதி மத்திய அமைச்சகங்கள், மத்திய பொதுத்துறை நிறுவனங்கள், மாநில அரசுகள், அவற்றின் பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத்தான். ஒவ்வொரு மாநிலமும் ஒரு நோடல் ஏஜென்சியை வைத்து, எங்கெங்கே சார்ஜர் தேவை என்று பட்டியல் திரட்டி, ஒரே முன்மொழிவாக இதற்கான போர்ட்டலில் ஏற்ற வேண்டும். திட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு பெல் நிறுவனத்துக்கு. திருச்சியில் ஆலை வைத்திருக்கும் அதே பெல்தான்.

தமிழ்நாட்டில் சார்ஜிங் கட்டமைப்புக்கான நோடல் ஏஜென்சி, தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம். மின் இணைப்பு கொடுப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். இரண்டும் வேறு வேறு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மானியக் கேள்வியோடு ஈ.பி. ஆபீஸுக்குப் போனால், "இங்க இல்ல சார்" என்ற பதில்தான் வரும்.

தேர்வில் முன்னுரிமையும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்கள், ஸ்மார்ட் சிட்டிகள், பெருநகரங்களை ஒட்டிய துணை நகரங்கள், மாநிலத் தலைநகரங்கள், வாகன நெரிசல் அதிகமுள்ள தேசிய, மாநில நெடுஞ்சாலைகள் ஆகியவை முதலில் பார்க்கப்படும்.

இப்படித் தனிநபரை விட்டுவிட்டு நிறுவனங்கள் வழியாகப் போவது புதிதல்ல. இதற்கு முந்தைய ஃபேம்-2 திட்டத்தில், 2023 மார்ச்சில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 7,432 பொது ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையங்களுக்கு ரூ.800 கோடி அனுமதிக்கப்பட்டது. பங்க்குகளில் நீங்கள் பார்க்கும் சார்ஜர்கள் பலவற்றின் பின்னணி இதுதான்.

அப்படியானால் பத்து சென்ட் இடம் வைத்திருப்பவருக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. நான்கு வழிகளைச் சொல்லலாம்.

ஒன்று, டெண்டர். மானியம் பெறும் அரசு அமைப்பு தானே சார்ஜரை நடத்த வேண்டும் என்பதில்லை. சார்ஜிங் ஆபரேட்டர்களைத் தேர்ந்தெடுத்து ஒப்படைக்கலாம். பஸ் நிலையத்தில், மாநகராட்சி பார்க்கிங்கில் சார்ஜர் போட டெண்டர் வரும்போது தனியார் நிறுவனமாகப் போட்டி போடலாம். இடம் அரசுடையது, முதலீடும் நடத்துவதும் உங்களுடையது. மானியத்தில் எவ்வளவு உங்கள் கைக்கு வரும் என்பதை டெண்டர் ஆவணத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

இரண்டு, இடத்தை மட்டும் கொடுப்பது. சார்ஜிங் நிறுவனங்கள் நல்ல இடத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாத வாடகை அல்லது விற்கும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போடலாம். லாபம் குறைவு, ரிஸ்க்கும் குறைவு. சி வகை மானியத்துக்கு முயற்சி செய்வது அந்த நிறுவனம், நோடல் ஏஜென்சி இவர்களுடைய வேலை.

மூன்று, மாநில அரசின் கொள்கை. தமிழ்நாடு மின் வாகனக் கொள்கை 2023 பொது சார்ஜிங் நிலையங்களுக்கு மூலதன மானியத்தை அறிவித்திருக்கிறது. 'முதலில் வரும் இத்தனை நிலையங்களுக்கு' என்ற எண்ணிக்கை வரம்போடு வருவது இது. எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு சதவீதம்' என்பதல்ல, 'இடம் இன்னும் மிச்சம் இருக்கிறதா' என்பதுதான். இதே கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறையும் மின் வாகன நகரங்களாக முன்னிறுத்துகிறது.

நான்கு, மானியமே இல்லாமல் சொந்தக் காசில் போடுவது. இதற்கு லைசென்ஸ் எதுவும் வேண்டாம். வாகனத்துக்குச் சார்ஜ் போடுவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின்சார அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. பாதுகாப்பு, தொழில்நுட்ப விதிகளைப் பின்பற்றினால் யார் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

கையில் எவ்வளவு வேண்டும்? ஒரு கணக்கு

இவை புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் இடத்துக்கான கொட்டேஷன் வேறாக இருக்கும்.

மின் கட்டமைப்புக்கு 10 லட்சம், சார்ஜருக்கு 10 லட்சம், மொத்தம் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 கார், ஒவ்வொன்றும் 20 யூனிட். ஆக 200 யூனிட். கரன்ட் செலவு, வரி போக யூனிட்டுக்கு 4 ரூபாய் மிஞ்சினால் நாளைக்கு 800 ரூபாய், மாதம் 24,000.

மானியம் இல்லையென்றால் போட்ட 20 லட்சம் திரும்ப ஏறத்தாழ 83 மாதம், அதாவது சுமார் ஏழு வருஷம்.

சி வகையில் மின் கட்டமைப்புக்கு 8 லட்சம் மானியம் கிடைத்தால் கைக்காசு 12 லட்சம். திரும்ப 50 மாதம்.

பி வகை இடத்தில் மானியம் முழுதாக உங்களுக்கே வந்தால் 8 லட்சமும் 7 லட்சமும் போக, கைக்காசு 5 லட்சம்தான். ஆனால் அரசு இடத்துக்கு வருமானப் பங்கு உண்டு. மத்திய வழிகாட்டுதலின்படி தனியாருக்கான ஏலம் யூனிட்டுக்கு 1 ரூபாயில் தொடங்குகிறது. அந்த 1 ரூபாயைக் கழித்தால் மாதம் 18,000. திரும்ப சுமார் 28 மாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். நாளைக்கு 10 கார் வரவில்லை, 3 கார்தான் வருகிறது. மாதம் 7,200 ரூபாய். சி வகை மானியம் கிடைத்த பிறகும் 12 லட்சம் திரும்ப கிட்டத்தட்ட 14 வருஷம் ஆகும். சார்ஜர் மெஷினே அவ்வளவு நாள் உழைக்குமா என்பது வேறு கேள்வி. இதில் வட்டி, பராமரிப்பு, இன்டர்நெட், ஆப் கமிஷன், வாட்ச்மேன் சம்பளம் எதுவும் இன்னும் சேரவில்லை.

மானியம் முதலீட்டைக் குறைக்கும். காரை வரவழைக்காது. எந்த இடம் என்பதுதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஓட்டல், டாய்லெட், வெளிச்சம், குடும்பத்தோடு அரை மணி நேரம் உட்கார நிழல்: இவை இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய சார்ஜர் போட்டாலும் கார் நிற்காமல் போய்விடும்.

மின் இணைப்பு எவ்வளவு நாளில் கிடைக்கும்?

மின்சார அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்கள் காலக்கெடு வைத்திருக்கின்றன. பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமப்புறத்தில் 15 நாள், மலைப்பாங்கான கிராமப்புறத்தில் 30 நாள். இது புதிதாக டிரான்ஸ்ஃபார்மரோ லைனோ தேவைப்படாத இடங்களுக்கு. அவை தேவைப்பட்டால் கூடுதல் நாள் ஆகும். நெடுஞ்சாலை ஓரக் காலி மனைக்குப் பெரும்பாலும் அவை தேவைப்படும் என்பதால், 'பதினைந்து நாளில் கரன்ட் வந்துடும்' என்று நம்பி சார்ஜருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

150 கிலோவாட் வரை தாழ்வழுத்த இணைப்பிலேயே கொடுக்கலாம் என்கின்றன அந்த வழிகாட்டுதல்கள். உயரழுத்த இணைப்புக்குப் போனால் செலவும் நடைமுறையும் கூடும் என்பதால், தொடக்கத்திலேயே எத்தனை கிலோவாட் என்பதை யோசித்து முடிவெடுப்பது நல்லது.

கட்டணத்திலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். காலை 9 முதல் மாலை 4 வரை சூரியசக்தி அதிகம் கிடைக்கும் நேரம். அப்போது சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் வசூலிக்கலாம் என்பது மத்திய வழிகாட்டுதல். இறுதிக் கட்டணத்தை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் வரும் இடமும், ராத்திரி மட்டும் கூட்டம் வரும் இடமும் ஒரே லாபம் தராது. இதோடு சார்ஜிங் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு.

அரசு அமைப்புகள் விண்ணப்பிக்கும் வழி

இதைப் படிப்பவர்களில் அரசுக் கல்லூரியில், மருத்துவமனையில், நகராட்சியில், போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்ப்பவர்கள் இருப்பீர்கள். 100 சதவீத மானியம் உங்கள் வளாகத்துக்குத்தான். நடைமுறை சுருக்கமாக இதுதான்.

முதலில் இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். எத்தனை வாகனம் வருகிறது, எவ்வளவு பார்க்கிங் இருக்கிறது, பொதுமக்கள் எந்த வழியாக உள்ளே வருவார்கள், இப்போதுள்ள மின்சுமை எவ்வளவு என்ற விவரங்கள் தேவை. அடுத்து மின் பகிர்மானக் கழகத்திடம் கூடுதல் சுமைக்கான மதிப்பீடு வாங்க வேண்டும். இவற்றைத் துறை வழியாக நோடல் ஏஜென்சிக்கு அனுப்பினால், அது மற்ற இடங்களோடு சேர்த்து போர்ட்டலில் ஏற்றும். அனுமதி கிடைத்த பிறகுதான் கொள்முதல், டெண்டர்.

பணம் ஒரே தவணையில் வராது. 70 சதவீதம், 30 சதவீதம் என்று இரண்டு தவணை. ஒவ்வொன்றும் சொன்ன நிபந்தனைகளை முடித்ததற்கான ஆதாரத்தோடு கட்டப்பட்டது. பெல் உருவாக்கும் நாடு தழுவிய பொது ஆப்புடன் சார்ஜர் இணைய வேண்டும். எந்த சார்ஜர் காலி, எது ரிப்பேர், எவ்வளவு கட்டணம் என்று ஓட்டுநருக்கு ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்பது இதன் நோக்கம். போனில் நான்கைந்து சார்ஜிங் ஆப் வைத்துக்கொண்டு அலைபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பணம் கேட்டு போன் வந்தால்?

'உங்க இடம் செலக்ட் ஆயிடுச்சு, ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் கட்டுங்க' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தத் திட்டத்தில் தனிநபர் விண்ணப்பமே இல்லை என்பதால், தனிநபருக்கு 'செலக்‌ஷன்' என்பதும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

உண்மையான சார்ஜிங் நிறுவனத்தோடு பேசும்போதும் கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். மின் இணைப்பு யார் பெயரில்? மானியம் வந்தால் யாருக்கு, வராவிட்டால் செலவு யாருக்கு? சார்ஜர் ரிப்பேர் ஆனால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள்? குறைந்தபட்ச மாத வருமானம் உறுதியா? ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் யாருக்குச் சொந்தம்? பதில்கள் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும்.

இன்னும் எத்தனை தேவை?

நகரங்களில் 2030-க்குள் ஒவ்வொரு 1 கி.மீ.க்கு 1 கி.மீ. கட்டத்துக்குள்ளும் குறைந்தது ஒரு சார்ஜிங் நிலையம், நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு 20 கி.மீ.க்கும் ஒன்று என்பது மத்திய அரசு வைத்திருக்கும் அளவுகோல். வாய்ப்பு நிறைய இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

அந்த பத்து சென்ட் இடத்துக்காரர் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. அதற்கு மானியம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஒரு வார நாள், ஒரு ஞாயிறு என இரண்டு நாள் தன் இடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பச்சை நிற நம்பர் பிளேட் கார்கள் எத்தனை போகின்றன, அதில் எத்தனை பக்கத்து ஓட்டலில் நிற்கின்றன என்று எண்ணுவது. அந்த எண் வந்த பிறகு மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நோடல் ஏஜென்சியிடம் போவதா, சார்ஜிங் நிறுவனத்திடம் போவதா, இன்னும் இரண்டு வருஷம் பொறுப்பதா என்பது அப்போது தெரிந்துவிடும்.